சங்ககிரிப் பட்டறையில் ஒரு பென்ஸ் வண்டி

செப்டம்பர் 29, 2025, திங்கள் – சேலம் வழியாகச் சங்ககிரி

விடிகாலை ஐந்தரைக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். டிக்கியிலிருந்து என் கேமரா முக்காலியை எடுத்துக் கொடுத்த கிளீனர் தம்பியின் முகம் வாடியிருந்தது. வழியில் எங்கோ ஏற்றிய இரும்புச் சாமான் மூட்டை இரவு முழுக்க அதன்மேல் கிடந்திருக்கிறது. ஒரு கால் வளைந்துவிட்டது. கேமராவைப் பூட்டும் தலைப்பகுதி இரண்டாக உடைந்துவிட்டது. "அக்கா, மூட்டையை ஏத்தினது நாந்தான். கீழ இது இருந்ததப் பாக்கல" என்று அவராகவே சொன்னார். பஸ் கம்பெனி அலுவலகத்தில் இருந்தவரோ, லக்கேஜுக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பதாகச் சொன்னார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். மனசு மிகவும் வலித்தது. பதினோரு வருடமாக என்னோடு அலைந்த முக்காலி அது. கிளீனர் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய் 15 ரூபாய் டீ வாங்கிக் கொடுத்தார். காசு எடுக்க விடவில்லை.

இந்தப் பயணமே ஒரு லாரிக்காகத்தான். என் தோழியின் பெரியப்பா சங்ககிரியில் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே 1964-ல் வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஒன்று இன்னும் ஸ்டார்ட் ஆகும் நிலையில் நிற்கிறது என்று தோழி போன வருடம் ஒரு கைபேசிப் படத்தைக் காட்டினாள். நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் உருண்டு திரண்ட மட்கார்டு, கிரில் நடுவில் மூன்று முனை நட்சத்திரம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே உப்பு லோடுக்கு வந்து நிற்கும் வண்டிகளுக்கு இதே மூக்குதான். ஏழெட்டு வயதில் அந்த மூக்கில் கைவைத்து, சூடு தாங்காமல் எடுத்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த வண்டிகள் எப்போது மறைந்தன என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் தெருவில் எல்லா லாரிக்கும் முகம் தட்டையாகிவிட்டிருந்தது.

1954-ல் டாடாவின் டெல்கோ கம்பெனியும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் இந்த லாரிகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் 15 வருடம். 1969-ல் முடிந்ததும் நட்சத்திரம் போய் அந்த இடத்தில் 'டி' எழுத்து வந்தது. ஆனால் இந்தப் பக்கத்துப் பழைய டிரைவர்கள் வாயில் இன்றைக்கும் அது "பென்ஸ் வண்டி"தான். கம்பெனியிலிருந்து வருவது சேசிஸ் என்கிற அடிச்சட்டமும் முன்மூக்கும் மட்டும். கேபினையும் பாடியையும் நம்மூர் ஆசாரிகள்தான் மரத்தில் கட்டினார்கள். அதனால் ஒரே மாடல் என்றாலும் சேலத்தில் கட்டிய வண்டியும் பஞ்சாபில் கட்டிய வண்டியும் பார்வைக்கு வேறு வேறு.

சங்ககிரியில் இறங்கும்போது கோட்டை மலைமேல் வெயில் ஏறியிருந்தது. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட மலை. ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு லாரி நிற்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றும் லாரியால் வளர்ந்த ஊர்கள். டயர் கடை, ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கடை, ரேடியேட்டர் கடை, தார்ப்பாய் தைக்கிற கடை. பூக்கடையைவிட இவைதான் அதிகம்.

பதினொரு மணிக்கு வண்டியைப் பார்த்தேன். மனசு இறங்கிப்போனது, உண்மையைச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையின் உள்பக்கம் நின்றது. கூரை ஓட்டைகள் வழியே வெயில் விழுந்து உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. கரும்பச்சைப் பெயின்ட் வெளுத்த சாம்பலாகத் தெரிந்தது. முன்னால் ஆயுத பூஜைக்குக் கழுவ வந்த நான்கு லாரிகள். பத்தடி பின்னால் போய் முழு வண்டியையும் பார்க்க வழியில்லை. வெளியே நகர்த்தலாம் என்றால் பிரேக் பிரித்துக் கிடக்கிறது.

பெரியப்பா என் முகத்தைப் படித்துவிட்டார். "பகல்ல இதப் பாத்து என்ன பண்றது கண்ணு? பொழுதோட வா. வேலையெல்லாம் முடிஞ்சு எடம் காலியாயிரும். அப்பப் பாரு" என்றார். இங்கே 'பொழுதோட' என்றால் சாயங்காலம். முக்காலி இல்லாமல் சாயங்காலத்துக்கு மேல் நான் என்ன செய்வேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஆறு மணிக்குப் போனேன். இடி இடித்து மழை கொட்டியது. கரண்டும் போனது. ஒரு மணி நேரம் கொட்டகையில் உட்கார்ந்து கூரையின்மேல் மழைச் சத்தம் கேட்டுவிட்டு, ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். பெரியம்மா சந்தகையும் (இடியாப்பம் போன்றது) தேங்காய்ப் பாலும் வைத்திருந்தார். புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி கிடையாது. "ஒறம்பரை வந்த நேரத்துல வெறும் சந்தகை போட வேண்டியதாப் போச்சு" என்று நான்கு முறை வருத்தப்பட்டார். 'ஒறம்பரை' என்றால் விருந்தாளி. நான் அதை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சுடச் சுடப் பிழிந்த சந்தகைக்கு ஈடாக எனக்கு வேறு பலகாரம் தோன்றவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய் – சங்ககிரி, திருச்செங்கோடு

காலையில் ஊரில் இருக்கும் ஸ்டுடியோவில் முக்காலி கேட்டேன். இருந்த ஒன்றை வீடியோ எடுக்கும் பையன் கோயில் விசேஷத்துக்கு எடுத்துப் போய்விட்டானாம். ஸ்டுடியோக்காரர் அவனுக்குப் போன் போட்டுப் பார்த்தார், பிறகு தன் சித்தப்பா மகனுக்கும் போட்டுப் பார்த்தார். முன்பின் அறியாத எனக்காக இவ்வளவு. கடைசியில், "கைலயே புடிச்சு எடுத்துப் பாருங்களேன் மேடம். எங்கப்பா கோயில்ல சாமிய அப்படித்தான் எடுப்பாரு, தூண்ல சாஞ்சுக்கிட்டு" என்றார். அந்தச் சொல் நாள் முழுக்க என்னோடு வந்தது.

பெரியப்பாவின் பேரனோடு திருச்செங்கோடு போனோம், பிரேக் சாமான் வாங்க. வழியெல்லாம் ரிக் வண்டிகள். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அந்த வண்டி திருச்செங்கோட்டுக்காரருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ராஜஸ்தானில் மணல் பறக்கும் ஒரு ஊரில் 'அர்த்தநாரீஸ்வரர் துணை' என்று தமிழில் எழுதிய ரிக் வண்டியைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. மலைமேல் ஏற நேரமில்லை. கீழே நின்று கும்பிட்டேன். திரும்பும் வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், காரச் சட்னி. ஒரு செட் 35 ரூபாய். வெயில் உச்சியைப் பிளந்தது. பேரன் தன் துண்டை என் தலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு வண்டி ஓட்டினான்.

ஆறரைக்கு பட்டறை காலியானது. இப்போதுதான் பெரியப்பா சொன்னது புரிந்தது. வெளியே வானத்தில் மழைக்கு முந்தைய நீலம். உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு, வண்டியின் வலது மட்கார்டுக்கு மேலே. அந்த உருண்டை மேட்டில் வெளிச்சம் வழிந்து இறங்கி, மூக்கின் முதுகில் ஒரு கோடாக ஓடி, இடது பக்கம் இருட்டில் கரைந்தது. பகலில் தகரமாக இருந்த வண்டிக்கு இப்போது எடையும் தசையும் வந்திருந்தன. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் அடித்தால் வளைவு தெரியாது. ஒரு பக்கமிருந்து வந்தால்தான் தெரியும். படிக்கும்போதே கற்ற பாடம்தான். இந்த மட்கார்டுதான் அதைக் கண்ணுக்குக் காட்டியது.

என்னிடம் இருந்தது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஆட்டத்தைத் தானே சமாளிக்கும் வசதி இல்லாத பழைய கேமரா ஒன்று. கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் நீளம் எவ்வளவோ, ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) திறந்து மூடும் வேகம் அதற்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய கணக்கு. 35 மி.மீ. என்றால் நொடியில் 40-ல் ஒரு பங்கு. நல்ல கணக்குதான், ஆனால் நடந்து களைத்தவளின் கைக்கு அது பொருந்தாது. பயத்தில் முதலில் 200-ல் ஒரு பங்கு வைத்து, கேமராவின் ஒளி உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400-க்கு மேல் ஏற்றினேன். ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது நீலமாக, அதற்கடுத்ததில் பாதி இருட்டாக வந்தது. கொஞ்ச நேரம் கேமரா பழுதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் அந்தக் குழல் விளக்கு. பழைய சோக் வைத்த விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. அதைவிட வேகமாக ஷட்டரைத் திறந்து மூடினால் ஒரு துடிப்பின் ஏதோ ஒரு துண்டு மட்டும் கிடைக்கும். 50-ல் ஒரு பங்குக்கு இறக்கியதும் நிறம் நிலைத்தது. இரண்டு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 1600 போதுமானது.

அடுத்த தொல்லை ஃபோகஸ். பச்சைப் பெயின்ட்டில் கேமரா எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் மாநிலத்து நம்பர் பிளேட்டின் வெள்ளை எழுத்தைக் காட்டியதும் சட்டென்று பிடித்தது. அங்கே ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு கேமராவை நகர்த்தினேன். ஆனால் லென்ஸின் துளையை எஃப் 2-ல் அகலத் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால் தெளிவு ஒரு முழத்துக்குத்தான். சாய்வாக நின்று எடுத்தபோது ஹெட்லைட் துல்லியம், நட்சத்திரம் மங்கல். துளையைச் சுருக்கி எஃப் 4-க்குப் போனால் இரண்டு முழம் கிடைக்கும், வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பிடுங்கித் தின்கிறது. முக்காலி இருந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். எஃப் 8, நான்கு நொடி, முடிந்தது.

பிறகு ஸ்டுடியோக்காரரின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். சாய்வதற்கு எதுவெல்லாம் இருக்கிறது என்று பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். கொட்டகையின் இரும்புத் தூண். அடுக்கி வைத்த தேய்ந்த டயர்கள். அதன்மேல் பெரியப்பாவின் துண்டை நான்காக மடித்து வைத்து, கேமராவை அதில் அழுத்தி, முழங்கையை டயர்மேல் ஊன்றி, பாதி மூச்சை விட்டு நிறுத்திவிட்டு, பட்டனை அமுக்காமல் விரலால் உருட்டினேன். மூன்று மூன்று படமாகத் தொடர்ந்து எடுத்தேன். முதல் படத்தில் விரலின் தள்ளல் இருக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ ஆடாமல் நின்றுவிடும். 15-ல் ஒரு பங்கில்கூட நம்பர் பிளேட்டின் திருகாணி தெரிந்தது.

பெயின்டர் அண்ணன் ஒருவர் அங்கே பக்கப் பலகையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என் மூச்சுப் பயிற்சியைப் பார்த்துவிட்டு, "நாங்களும் அப்படித்தானுங்க. கோடு இழுக்கறப்ப மூச்சு விட மாட்டோம்" என்றார். சுண்டு விரலைப் பலகையில் ஊன்றி, அதைத் தாங்கலாக வைத்து ஒரே இழுப்பில் 'ந' போட்டுக் காட்டினார். ஸ்டிக்கர் வந்தபிறகு கையால் எழுதச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். பூஜை சீசனில் மட்டும் வேலை.

இரவு மடிக்கணினியில் படங்களைப் போட்டுப் பார்த்தேன். இருட்டைக் கொஞ்சம் தூக்கினேன். இன்னும் கொஞ்சம். இடது மூலையில் இருந்த காலி டின், பிளாஸ்டிக் நாற்காலி, சாக்கு, வாளி எல்லாம் வெளியே வந்தன. வண்டி மறுபடியும் பகல் வண்டியாகிவிட்டது. இருட்டாக்கித் திரும்ப வைத்தேன். தூக்கம் வரவில்லை. வெளிச்சம் குறைவான இடத்துக்குப் போய், அதைப் பகலாக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம்? கருத்த வண்டியைக் கண்டால் கேமராவும் தானாகவே வெளிச்சத்தை ஏற்றுகிறது. அதற்கு எல்லாம் சாம்பலாக இருக்க வேண்டும். நாளைக்கு வெளிச்ச அளவை முதலிலேயே ஒரு படி இறக்கி வைத்து எடுப்பதென்று முடிவு செய்துகொண்டேன்.

அக்டோபர் 1, புதன் – ஆயுத பூஜை

காலையிலிருந்து ஊர் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். எல்லா லாரியும் குளிக்கிறது. சாமந்தி கிலோ 240 ரூபாய், நேற்று 160 என்றார்கள். வெண்பூசணி கிலோ 30. பூக்காரம்மா விலை பேசியபின் ஒரு பிடி கோழிக்கொண்டைப் பூவை அள்ளிச் சும்மா போட்டார். "பென்ஸ் வண்டிக்கா? அதுக்குக் காசு வாங்க மாட்டேன். எங்கய்யன் அதுல கிளீனரா இருந்தாரு."

மதியம் அரிசிம்பருப்புச் சாதம், நெய், அப்பளம். புழுக்கம் தாங்கவில்லை. பெரியம்மா நடையில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார். கை நடுங்கினால் படம் நடுங்கும் என்பதால் படுத்தேன். தேநீரைக்கூட இன்று குறைத்துக்கொண்டேன். இரண்டு கோப்பைக்கு மேல் போனால் என் கைக்கு அது தெரிந்துவிடுகிறது.

ஆறு மணிக்கு வண்டியைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. கழுவித் துடைத்து, மட்கார்டில் சந்தனம் மூன்று விரல் பட்டை, குங்குமம், மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எதிரே தலைவாழை இலையில் ஸ்பானர்கள், ஜாக்கி, டயர் லீவர், பெரியப்பாவின் அப்பா வைத்திருந்த ஒரு பழைய கிரீஸ் துப்பாக்கி. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சுண்டல். வண்டியின் மேல் ஒளிரும் சரவிளக்கு வேண்டுமா என்று பேரன் கேட்டான். மற்ற லாரிகளில் எல்லாம் போட்டிருந்தார்கள். பெரியப்பா, "இதுக்கு வேண்டாஞ்சாமி. ஆத்தா இருந்த காலத்துல வெளக்கு மட்டுந்தான்" என்றார். எனக்கு அது பெரிய நிம்மதி. அந்தச் சரங்களின் துடிப்பு வேறு மாதிரி. பக்கத்து லாரியைச் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்துப் பார்த்தபோது படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று உண்மையான ஷட்டருக்கு மாறினேன்.

கற்பூரம் காட்டும் நேரம் கூட்டம் நெருக்கியது. முக்காலி இருந்திருந்தால் அதை விரிக்க அங்கே இடமே இல்லை. யாராவது தடுக்கி விழுந்திருப்பார்கள். ஒரு குழந்தை குங்குமக் கையால் லென்ஸைத் தொட்டுவிட்டது. துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்று ஊதி, தூரிகையால் தட்டி எடுப்பதற்குள் ஆரத்தி முடிந்துவிட்டது. அந்தப் படம் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் கலங்கித்தான் நின்றேன்.

பிறகு பெரியப்பா என்னைக் கேபினுக்குள் ஏறச் சொன்னார். பழைய மர இருக்கை, எண்ணெயும் விபூதியும் கலந்த வாசம். "வெளிய பாக்காத. டேஷ்போர்டப் பாரு" என்று சொல்லி ஹீட்டர் சுவிட்சை இழுத்துப் பிடித்தார். சிறு துளைக்குள் ஒரு கம்பிச் சுருள் மெல்லச் சிவந்தது. முதலில் ரத்த நிறம், பிறகு ஆரஞ்சு. இந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் எண்ணெய் முதலில் ஒரு சிறு முன்னறையில்தான் பற்றுகிறது. அந்த அறை குளிர்ந்து கிடந்தால் பற்றாது. அதைச் சூடாக்கும் கம்பிகள் காய்ந்துவிட்டனவா என்று டிரைவருக்குக் காட்டத்தான் இந்தச் சுருள். கேபினில் வேறு வெளிச்சமே இல்லை. அரை நிமிடம், அவர் முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் அந்தச் சிவப்பில் தெரிந்தது. இருக்கையில் முழங்கையை ஊன்றி, 8-ல் ஒரு பங்கு, எஃப் 2, ஐஎஸ்ஓ 6400. ஐந்து படம் எடுத்தேன். ஒன்று நின்றது. மணல் மணலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அதை அழிக்க மாட்டேன்.

எஞ்சின் பிடித்ததும் வண்டி முழுக்க உயிர் வந்து உதறியது. தெருவில் எல்லோரும் கைதட்டினார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். வண்டி ஒரு முழம் முன்னால் போய் அவற்றை நசுக்கி நின்றது. பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். நான் கீழே இறங்கி, கதவில் சாய்ந்தபடியே எடுத்த எட்டுப் படங்களும் குழம்பிவிட்டன. ஓடுகிற வண்டியில் சாய்ந்தால் அதன் நடுக்கம் நேராகக் கேமராவுக்கு வருகிறது. தள்ளி நின்று டயர் அடுக்கில் ஊன்றி எடுத்தாலும், அந்த ஷட்டர் வேகத்தில் மூக்கே நடுங்குகிறது. தரை அசையாமல் இருக்கிறது, நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது. உறுமும் வண்டியை எடுக்க 60-ல் ஒரு பங்காவது வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தேன். ஒன்பது மணிக்குக் கூட்டம் அடுத்த பட்டறைக்கு நகர்ந்தது. பெரியம்மா குழல் விளக்கை அணைத்துவிட்டார், பூச்சி வருகிறது என்று. குத்துவிளக்கு மட்டும் கிரிலுக்கு எதிரே எரிந்தது. நவமி நிலா மேகத்துக்குள். விளக்கின் வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி, கிரில் கம்பிகளின் அடிப்பக்கத்தைத் தொட்டு, நட்சத்திரத்தின் கீழ் முனைகள் இரண்டில் தங்கி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெரியப்பா ஃபுட்போர்டில் வந்து உட்கார்ந்தார். நகர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "பொட்டாட்டம் உக்காந்துக்கறேன், நீ எடு கண்ணு" என்றார். டயர் அடுக்கு, மடித்த துண்டு. எஃப் 2.8, 8-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200. அவர் மூச்சு இழுத்து விட்டு அடுத்த மூச்சு தொடங்கும்முன் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது. அதைத் தோள்பட்டையில் பார்த்துப் பார்த்து, என் மூச்சையும் அதோடு சேர்த்துக்கொண்டு எடுத்தேன். இருபத்திரண்டு படம். நடுவில் காற்று வந்து சுடர் சாய்ந்தது. மூன்று படம் நின்றன.

பெரியப்பா அதன்பிறகும் எழுந்திருக்கவில்லை. நானும் கேமராவை மூடிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தனக்குப் பதினைந்து வயதில் அப்பாவோடு இந்த வண்டியில் பம்பாய் வரை போனதைச் சொன்னார். மாம்பழ லோடு. வழியில் மூன்று இடத்தில் பஞ்சர். ராத்திரி ஓட்டும்போது தூங்காமல் இருக்க அப்பா பாடிக்கொண்டே போவாராம், அபஸ்வரமாக. பத்தரைக்குப் பெரியம்மா வந்து இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

அக்டோபர் 2, வியாழன் – விஜயதசமி

பூஜையில் வைத்த கருவிகளை நேற்று யாரும் தொடவில்லை. காலையில் பெரியப்பா அந்தக் கிரீஸ் துப்பாக்கியை முதலில் எடுத்து, பென்ஸ் வண்டியின் ஒரு நிப்பிளில் இரண்டு அழுத்து அழுத்திவிட்டுத் திரும்ப வைத்தார். புது வேலைக்கான நாள் அல்லவா. அதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

படத்தை அச்சுப்போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன். விடுமுறை நாள் என்றாலும் ஸ்டுடியோவை நல்ல நேரம் பார்த்துத் திறந்திருந்தார்கள். 8-க்கு 12 அங்குலம், 180 ரூபாய். ஸ்டுடியோக்காரர் மிகுந்த அக்கறையோடு வெளிச்சத்தை ஏற்றிப் போட்டுக் கொடுத்தார். படம் சாம்பலாகி, பின்னாலிருந்த வாளியும் நாற்காலியும் எட்டிப் பார்த்தன. "மேடம், டார்க்கா இருந்தா கஸ்டமர் திருப்பிக் கொண்டாந்துருவாங்க, அதான்" என்றார். அப்படியே இருட்டாக வேண்டும் என்று சொன்னேன். கணினித் திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியப்பாவின் முகத்துக்கு மட்டும் ஒரு சிட்டிகை ஏற்றி, மற்றதைத் தொடாமல் மறுபடி போட்டார். தாளில் இருட்டு திரையைவிடக் கனமாக விழும், அந்தச் சிட்டிகை தேவைதான். அவர் கண்ணுக்கு அது தெரிந்திருந்தது. முதல் தாளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பட்டறையில் படத்தைக் கொடுத்தேன். பேரன், "தாத்தா முகம் சூப்பர்" என்றான். பெயின்டர் அண்ணன் நட்சத்திரத்தின் ஓரத்தில் விரல் வைத்து, "கோடு ஆடல" என்றார். பெரியம்மா, "இவர இவ்வளவு நேரம் எப்பிடிச் சும்மா உக்கார வெச்ச அம்மிணி?" என்று கேட்டார்.

பெரியப்பா எதுவும் சொல்லாமல் நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு படத்தின் இடது பக்கம், ஒன்றுமே தெரியாத கறுப்பில் விரலை வைத்தார்.

"இங்கதான் அப்பா கயித்துக் கட்டில் போட்டிருப்பாரு. லோடு முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள படுக்க மாட்டாரு. வண்டி பக்கத்துலதான்."

கீழே இறக்கி வைக்காமல், படத்தைத் தன் பக்கம் திருப்பி இன்னும் ஒருமுறை பார்த்தார். "தலைமாடு இந்தப் பக்கம்" என்று விரலை அரை அங்குலம் நகர்த்தினார்.

வளைந்த முக்காலியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். நேராக இருக்கும் இரண்டு கால்களும் பெயின்டர் அண்ணனுக்கு உதவுமாம், பலகையைச் சாய்த்து வைக்க. பெரியம்மா பொரியும் கடலையும் ஒரு பெரிய பையில் கட்டிக் கொடுத்தார், சென்னையில் இருக்கும் தோழிக்கும் சேர்த்து. இரவு பஸ்ஸில் கேமராப் பையையும் பொரிப் பையையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வெளியே தூறல்.